நீர்மேற் சென்ற கல்

குளக்கரையிற் சிறார் தட்டையான சில்லொன்றைத் தேர்ந்தெடுத்து, உடல் சாய்த்து, நீர்மட்டத்தை ஒட்டி வீசுவர். அது மூழ்காது தத்தித் தத்தி ஓடும். எத்தனை தத்து என்று எண்ணி ஆரவாரிப்பர். இளமையில் இவ்விளையாட்டை ஆடாதார் நம்முள் அரியர்.

அண்மையில் ஒரு மாலை, முதியவர் ஒருவர் தம் பேரனுக்கு இதனைக் காட்ட முயன்று, கை எழாமையாற் கண் கலங்கினார். "பத்துத் தத்து எறிந்த கை ஐயா இது!" என்றார். யாம் விடை கூறமாட்டாது நின்றோம். பின்னர்ச் சிந்தித்ததை ஈண்டு அன்பர்களுக்கு உரைக்கின்றாம்.

நீரினும் கனத்த கல் நீர்மேல் ஓடுவது எங்ஙனம்? பிரெஞ்சு நாட்டு அறிஞர் சிலர் இதனை ஆராய்ந்து 2004ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கல்லின் தட்டை முகம் நீர்ப்பரப்பினின்று ஏறக்குறைய 20 பாகை சாய்ந்திருத்தல் மிகப் பொருத்தம் என்று கண்டனர். விரைந்து படும் கல் நீரைக் கீழே தள்ள, நீர் அதனை மேலே தள்ளுகின்றது. கல் சுழலுதலால் அச்சாய்வு நிலைபெறுகின்றது. ஆயினும் ஒவ்வொரு தத்திலும் வேகம் சிறிது குறையும். ஈற்றிற் கல் அமிழும். 2013ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுக் கர்ட் ஸ்டைனர் என்பார் எறிந்த கல் 88 முறை தத்தி உலகச் சாதனையாயிற்று. அதுவும் முடிவில் மூழ்கியதே.

அக்கல்லுக்கு வாயிருப்பின், "யானே நீரைக் கடந்தேன்" என்னுமன்றோ? வேகமும் சுழற்சியும் சாய்வும் எறிந்த கை ஈந்தவை என்பதை அஃது அறியாது. நாமும் அத்தகையேமே. தனு கரண புவன போகங்கள் யாவும் இறைவன் ஆன்மாவுக்கு இரவலாகத் தந்தவை. இரவலை உடைமையென்று கொள்வது ஆணவத்தின் செயல். அதனாலன்றோ அது மீளுங்கால் நாம் அழுகின்றோம்!

இனி, வேறொரு கல்லை நினைமின். 7ஆம் நூற்றாண்டில் திருநாவுக்கரசு நாயனாரைப் பிணித்துக் கடலில் இட்ட கல் அது. அதனைத் தள்ளிய கைகள் ஆழ்த்தவே தள்ளின. வேகமில்லை, சுழற்சியில்லை. நாயனார் திருவைந்தெழுத்தைப் பற்றினார். கல் தெப்பமாகித் திருப்பாதிரிப்புலியூரிற் கரை சேர்ந்தது என்பது பெரியபுராண வரலாறு. கைவேகத்தால் ஓடுங் கல் அவ்வேகந் தீர அமிழும். திருவருளால் மிதந்த கல்லுக்குத் தீர்வதற்கு யாதுளது?

மறுநாள் அம்முதியவரைக் கண்டு இதனைக் கூறினோம். அவர் சிறிது நேரம் வாளா இருந்தார். பின்னர்ப் பேரனை அருகழைத்து, சில்லைப் பிடிக்கும் வகையை வாயாற் சொல்லிக்கொடுத்தார்.

மெய்யன்பர்காள்! தத்துக்களை எண்ணி மகிழ்வதும், குறைந்தவழி வருந்துவதும் விடுத்து, வேகம் உள்ளபொழுதே அருளைப் பற்றுவோமாக.

சிவம்.