தாய் மீனும் ஏழாங் கற்பனையும்



வழியில் ஒரு பறவைக் கூட்டைக் கண்டால் குஞ்சுகளோடு தாயையும் பிடிக்கலாகாது, தாயைப் போகவிட வேண்டும் என்று உபாகமம் 22-ம் அதிகாரத்தில் சர்வேசுரன் கட்டளையிட்டிருக்கிறார். தாய் பிழைத்தால் அடுத்த வருஷமும் கூடு உண்டு. தாயும் போனால் பின்வருகிறவனுக்கு ஒன்றுமில்லை.

நம் கடலுக்கும் இதே நியாயந்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் தொழிலுக்குப் போகாதிருப்பது ஏன்? பல மீன்கள் சினையிடும் காலம் அது. 2001-ல் 45 நாளாகத் தொடங்கிய தடை 2017-ல் 61 நாளாயிற்று. அந்நாட்களில் நம் வீடுகளில் படும் கஷ்டம் சர்வேசுரனுக்குத் தெரியும். ஆனால் தடை முடிந்ததும் சிறுகண் மடியை இழுத்து, விரல்நீளக் குஞ்சுகளை வாரி, சங்காயமென்று தீவனத்துக்கு எடைபோட்டு விற்றால், பட்ட பசிக்குப் பலன் எங்கே?

ஆற்றையும் நினையுங்கள். பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி புன்னைக்காயலில் கடலோடு சேருகிறது. கடலில் விழும் ஆற்றுநீர் வீண் என்பார் சிலர். அது தப்பு. நன்னீரும் உப்புநீரும் கலக்கும் கழிமுகத்தில், அலையாத்தி மரங்களின் வேரடியில், இறால் குஞ்சும் மடவைக் குஞ்சும் வளருகின்றன. மீனுக்கு அதுவே தொட்டில். சாக்கடையையும் குப்பையையும் ஆற்றில் விடுகிறவன் தொட்டிலில் நஞ்சைக் கொட்டுகிறான்.

களவு செய்யாதே என்பது ஏழாங் கற்பனை. அயலான் வீட்டில் ஒரு படி அரிசி எடுத்தால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லுகிறோம். இன்னும் பிறவாத பேரப்பிள்ளையின் மீனை எடுத்ததை யார் சொல்லுகிறோம்? திருடியதைத் திருப்பிக் கொடுக்கக் கடமையுண்டு. பிறவாதவனுக்கு எப்படிக் கொடுப்பது? இன்றே எடுக்காமல் விடுவதுதான் வழி. வருஞ்சந்ததியைக் கவனிப்பது நம் இஷ்டத்துக்கு விட்ட காரியமல்ல, நீதியைச் சேர்ந்தது என்று பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ல் எழுதிய நிருபத்தில் போதித்தார்.

ஆகையால், சம்மாட்டிமாரே, மடியின் கண்ணைப் பாருங்கள். தொழிலாளிகளே, வலையில் உயிரோடிருக்கும் குஞ்சைத் தண்ணீரில் விடுங்கள். தாய்மாரே, குஞ்சு மீனைச் சந்தையில் வாங்காதீர்கள். வீட்டுக் குப்பை ஆற்றுக்குப் போகவிடாதீர்கள்.

உயிர்த்த ஆண்டவர் சொற்படி அர்ச். இராயப்பரும் கூட்டாளிகளும் வலை வீசியபோது அகப்பட்டவை 153 மீன்கள். அவை பெரிய மீன்களென்றே அருளப்பர் சுவிசேஷம் சொல்லுகிறது. அப்படிப்பட்ட மீன்களை உங்கள் பேரப்பிள்ளைகளும் கரையேற்றும்படி சர்வேசுரன் உங்கள் கைகளையும் வலைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

உங்கள் பங்குச் சுவாமியார்