யாரிடம் அனுமதி கேட்பது?

ஈக்வடாரின் அமேசான் காட்டில், போபோனாசா ஆற்றங்கரையில் இருக்கிறது சராயாக்கு. சாலை கிடையாது. ஆற்றுவழியே படகில் போகலாம். இல்லாவிட்டால் சிறு விமானம். சுமார் 1,200 கிச்வா பழங்குடி மக்கள், ஏறக்குறைய 1,35,000 ஹெக்டேர் மழைக்காட்டைத் தங்கள் முன்னோர் நிலமாகக் காத்து வாழ்கிறார்கள். 1996-இல் இந்த நிலத்தின் பெரும்பகுதி அடங்கிய எண்ணெய் வட்டாரம் ஒன்றை ஈக்வடார் அரசு ஓர் அர்ஜென்டினா நிறுவனத்துக்கு ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தது. ஊராரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2002, 2003 ஆண்டுகளில் நிறுவனத்தின் ஆட்கள் ராணுவக் காவலோடு காட்டுக்குள் இறங்கினார்கள். மண்ணுக்கடியில் வெடி வெடித்து, அதன் அதிர்வலைகளைக் கொண்டு எண்ணெய் இருக்கும் இடத்தைக் கண்டறிவது அவர்கள் வேலை. அதற்காக 1,400 கிலோவுக்கும் மேலான வெடிபொருளைப் புதைத்தார்கள். ஊர் மக்கள் விதைப்பையும் வேட்டையையும் விட்டுவிட்டு, எல்லையோரம் முகாம் போட்டுக் காவல் கிடந்தார்கள். தோட்டங்கள் பாழாகி உணவுக்கே தட்டுப்பாடு வந்தது. அந்த நாட்களில்தான் மூத்த யாச்சக் ஒருவரின் நிலத்தில் நின்ற லிஸ்புங்கோ மரம் வெட்டி வீழ்த்தப்பட்டது. யாச்சக் என்பவர் நோய் தீர்ப்பவர், காட்டின் ஆவிகளோடு பேசுபவர். அந்த மரத்தின் துணையோடுதான் அவர் வைத்தியம் பார்த்துவந்தார்.

இந்த இழப்பை எந்தக் கணக்கில் எழுதுவது? மரக்கட்டையின் விலையாக எழுதினால் தொகை சொற்பம். மரத்தை ஓர் ஆளாக, உறவாகக் கொண்டால் கணக்கே வேறு. காட்டுக் கிராமங்களின் வளர்ச்சி பற்றிய எல்லாத் திட்டங்களுக்கும் அடியில் தீராமல் கிடப்பது இந்தத் தத்துவக் கேள்விதான்.

கிச்வா மரபில் காட்டில் மனிதர் மட்டும் வசிப்பதில்லை. காட்டுக்கும் விலங்குகளுக்கும் தலைவன் அமசாங்கா. மரவள்ளி விளையும் தோட்டத்துக்கும் பானை வனையும் களிமண்ணுக்கும் தாய் நுங்குலி. வேட்டைக்காரன் அளவு மீறிக் கொன்றால் அமசாங்கா விலங்குகளை ஒளித்துவைத்துக்கொள்வான். தோட்டம் போடும் பெண்கள் நுங்குலியைப் பாடி அழைப்பார்கள். எடுப்பதற்கு முன் கேட்பது, கேட்ட அளவோடு நிறுத்துவது: அவர்களுக்கு இதுவே வழிபாடு, வாழ்க்கை நடத்தும் ஒழுங்கும் இதுவே. 2018-இல் கீட்டோ நகரில் சராயாக்கு மக்கள் வெளியிட்ட காவ்சக் சாச்சா, அதாவது 'வாழும் காடு' அறிக்கை, இந்த நம்பிக்கையைச் சட்டக் கோரிக்கையாக முன்வைத்தது. காடு உணர்வுள்ள உயிர், உரிமையுடைய ஒன்று, அங்கே எண்ணெயும் கனிமமும் எடுக்கவே கூடாது என்றது.

ஐரோப்பியத் தத்துவ மரபின் பெரும்பகுதி இதை ஏற்காது. இமானுவேல் காண்ட் பகுத்தறிவுள்ளவர்களை மட்டுமே தம்மளவில் மதிப்புடையவர்களாகக் கொண்டார். மற்றவை பொருட்கள், பயன்படுத்தத் தக்கவை. ஈக்வடார் இந்தக் கோட்டைத் தாண்டியது. 2008-இல் இயற்கைக்கே உரிமை உண்டு என்று உலகில் முதன்முதலாகத் தன் அரசமைப்புச் சட்டத்தில் எழுதிக்கொண்டது. ஆனால் நிலத்தடி எண்ணெய் அரசுக்கே சொந்தம் என்பதையும் அதே சட்டம் சொல்கிறது.

எதிர்வாதம் லேசானதல்ல. எண்ணெய்ப் பணத்தில்தான் பள்ளிகளும் மருத்துவமனைகளும் எழுகின்றன. 1,200 பேரின் நம்பிக்கைக்காக ஒரு நாட்டின் ஏழைகள் காத்திருக்க வேண்டுமா? இதற்கு ஒரு பதில் நாட்டு மக்களிடமிருந்தே வந்தது. சராயாக்குவுக்கு வடகிழக்கே உள்ள யாசூனி தேசியப் பூங்காவின் ஒரு பகுதியில் எண்ணெய் எடுப்பதை நிறுத்தலாமா என்று 2023 ஆகஸ்டில் பொது வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 59 விழுக்காட்டினர் நிறுத்தச் சொன்னார்கள். அவர்களில் மிகப் பலர் அமசாங்காவை நம்புகிறவர்கள் அல்லர்.

காட்டை ஆளாகக் கருதுவதன் பயன் இங்கேதான் தெரிகிறது. நீடித்த வளர்ச்சி என்ற பெயரில் வழக்கமாகப் பேசப்படுவது அளவு மட்டுமே: எவ்வளவு மரம், எவ்வளவு மீன், எத்தனை ஆண்டு தாங்கும். எடுக்கலாமா என்ற கேள்வி அதில் வராது. எதிரில் ஒருவர் இருக்கிறார், அவர் மறுக்கவும் கூடும் என்று எண்ணுகிறவனுக்கோ அதுதான் முதல் கேள்வி. அந்த எண்ணத்துக்குக் கடவுள் நம்பிக்கை வேர் தரலாம். அது இல்லாதவர்களுக்கும் அந்த எண்ணம் வசப்படும்.

சராயாக்கு வளர்ச்சியை வெறுக்கும் ஊரும் அல்ல. சூரிய மின்தகடுகளும் இணையமும் அங்கே வந்திருக்கின்றன. சொந்தமாகச் சிறு விமானச் சேவை நடத்துகிறார்கள். மிங்கா என்னும் கூட்டு உழைப்பில் ஊர் வேலைகள் நடக்கின்றன. எல்லை நெடுக, வானிலிருந்து பார்த்தால் பூக்கோடாகத் தெரியும்படி மரங்களை நட்டுவருகிறார்கள். எது ஊருக்குள் வர வேண்டும், எது வேண்டாம் என்பதைக் குராக்கா எனப்படும் தலைவர்களும் ஊர்ச்சபையும் கூடிப் பேசி முடிவெடுக்கிறார்கள்.

இத்தகைய முடிவுகளுக்கு முன் ஊராரைக் கலந்துபேச வேண்டும் என்ற உரிமையைத்தான் 2012 ஜூன் 27-இல் அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றம் உறுதிசெய்தது. நீதிபதிகள் அதற்கு முன் சராயாக்குவுக்கே நேரில் போய்ப் பார்த்திருந்தார்கள். ஊராரைக் கலந்துபேசாமல் அனுமதி கொடுத்த அரசு அவர்களுடைய நில உரிமையையும் பண்பாட்டு அடையாளத்தையும் மீறிவிட்டது என்று தீர்ப்பு சொன்னது. 2014-இல் அமைச்சர்கள் சராயாக்குவுக்கு வந்து பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள்.

மன்னிப்புக் கேட்டாயிற்று, ஆனால் புதைத்த வெடிபொருளை எடுக்க வேண்டும் என்ற அந்த நீதிமன்றத்தின் ஆணை முழுமையாக நிறைவேறவில்லை. தீர்ப்பை நிறைவேற்றச் சொல்லி சராயாக்கு மக்கள் மீண்டும் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. அவர்கள் நடக்கும், வேட்டையாடும் மண்ணின் அடியில் அந்த வெடிபொருள் கிடக்கும்வரை, இயற்கைக்கு அரசமைப்பில் உரிமை தந்த முதல் நாடு என்ற பெருமையை ஈக்வடார் அரசு முழுதாகச் சொல்லிக்கொள்ள முடியாது.