இல்லாத ஆசிரியரும் இருக்கும் நோயாளியும்

2025 ஜூலைத் தொடக்கத்தில் வெளிவந்த செய்தி, ஊழல் செய்திகளுக்குப் பழகிப்போன இந்த நாட்டையும் ஒரு கணம் திடுக்கிட வைத்தது. மருத்துவக் கல்லூரிகளுக்கு அனுமதி வழங்கும் ஏற்பாட்டையே சிலர் விலைக்கு விற்றார்கள் என்று சிபிஐ குற்றஞ்சாட்டியது. ஆய்வுக்குழு எந்த நாளில் வரும், குழுவில் யார் யார் என்ற ரகசியக் கோப்புகள் சுகாதார அமைச்சக அலுவலகத்திலிருந்தே கல்லூரி நிர்வாகங்களுக்குப் போய்ச் சேர்ந்தனவாம். ஆய்வு நாளில் மட்டும் பேராசிரியராக வந்து உட்கார ஆள் பிடித்தார்களாம். காலிக் கட்டில்களில் நோயாளி என்று சொல்லி ஆட்களைப் படுக்கவைத்தார்களாம். வேலைக்கே வராதவரின் வருகையைப் பதிவதற்குச் செயற்கையாக விரல் ரேகை அச்சும் செய்து வைத்திருந்தார்களாம். இவற்றில் யார் குற்றவாளி, யார் நிரபராதி என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். ஆனால் செயலின் தன்மையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நீதிமன்றத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இதை லஞ்ச வழக்கு என்று சொல்லி முடித்துக்கொள்வது, குற்றத்தின் பாதியை மறைப்பதாகும். கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையே நடந்த பேரமாக இது முடிந்துவிடவில்லை. அந்த அறையிலேயே இல்லாத ஒருவரின் உடைமை அங்கே பறிபோயிருக்கிறது. அவர் என்றோ ஒரு நாள் அந்தக் கல்லூரியில் படித்த மருத்துவரின் முன்னால் வந்து உட்காரப்போகும் நோயாளி. பெரும்பாலும் ஏழை நோயாளி. பிறர் பொருளைக் கவர மனத்தால் நினைப்பதே தீது என்று கள்ளாமை அதிகாரத்தில் வள்ளுவர் விதிக்கிறார். பொருளைக் கவர நினைப்பதற்கே அந்தக் கண்டிப்பு என்றால், உயிர் பிழைக்கும் வாய்ப்பைக் கவர்ந்தவர்களுக்கு எந்த அதிகாரத்தில் இடம் தேடுவது? மருத்துவர் பற்றாக்குறை என்ற எந்தச் சாக்கும் இந்தத் திருட்டை நியாயப்படுத்தாது.

இது முதல் முறையும் அல்ல. 2010 ஏப்ரலில் இந்திய மருத்துவக் கழகத்தின் தலைவரே லஞ்சப் புகாரில் கைதானார். அடுத்த மாதமே கழகம் கலைக்கப்பட்டது. 2016இல் நாடாளுமன்ற நிலைக்குழு, மீண்டும் அமைக்கப்பட்ட அந்தக் கழகத்தின் செயல்பாட்டைக் கடுமையாகச் சாடியது. 2019இல் புதுச் சட்டம் வந்தது. 2020 செப்டம்பரில் கழகத்தின் இடத்தில் தேசிய மருத்துவ ஆணையம் பொறுப்பேற்றது. பெயர்ப்பலகை மாறியது, இலச்சினை மாறியது. ஆய்வு நாளை முன்கூட்டியே தெரிந்துகொள்ளும் கலை மாறவில்லை என்றுதான் இப்போதைய குற்றச்சாட்டு சொல்கிறது.

ஏன் மாறவில்லை? எல்லாரும் சீட்டைக் கேட்கிறார்கள்; படிப்பைக் கேட்பவர் குறைவு. பெற்றோருக்குப் பிள்ளைக்கு ஓர் இடம் வேண்டும். அரசியல்வாதிக்கு மாவட்டத்துக்கு ஒரு கல்லூரி வேண்டும். முதலீட்டாளருக்குக் கட்டண வசூல் தொடங்க வேண்டும். 2014க்கு முன் நாட்டில் 51,348ஆக இருந்த எம்பிபிஎஸ் இடங்கள் பத்தே ஆண்டுகளில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. ஐந்தாண்டுகளில் இன்னும் 75,000 மருத்துவ இடங்கள் என்று 2024 சுதந்திர தின உரையில் பிரதமர் அறிவித்தார். நற்றிணையில் ஒரு மருத்துவன் வருகிறான். நோயுற்றவன் ஆசைப்பட்டுக் கேட்டதை அவன் கொடுப்பதில்லை. ஆராய்ந்து எது மருந்தோ அதைக் கொடுக்கிறான். அந்தக் கண்டிப்பில்தான் அவனுடைய அறம் இருப்பதாகச் சங்கப் புலவர் கண்டார். அரசும் ஒரு வகையில் மருத்துவனே. கூட்டம் கேட்டதையெல்லாம் அள்ளிக் கொடுப்பவன் நல்ல மருத்துவன் இல்லை என்றால், கேட்டவருக்கெல்லாம் கல்லூரியைக் கொடுக்கும் அரசை மட்டும் நல்லரசு என்று எப்படிச் சொல்வது?

ஆசிரியர் இல்லாமல் போனால் என்ன போகும் என்பதைச் சற்றுக் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நள்ளிரவு. பிரசவம் முடிந்து, நஞ்சுக்கொடியும் வந்துவிட்டது. உதிரப்போக்கு மட்டும் நிற்கவில்லை. அடிவயிற்றில் கையை வைத்தால் கர்ப்பப்பை கெட்டியாக இறுகியிருப்பது தெரிய வேண்டும். தொளதொளவென்று இருந்தால் உடனே தேய்த்து இறுகவைக்க வேண்டும். ஊசி போட வேண்டும், நரம்பில் திரவம் ஏற்ற வேண்டும், 108ஐ அழைக்க வேண்டும். இவை அனைத்தும் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. இறுகியது எது, தளர்ந்தது எது என்பது மட்டும் புத்தகத்தில் இல்லை. வார்டில் பேராசிரியர் ஒருவர் மாணவியின் கையைப் பிடித்து, சரியான இடத்தில் வைத்து, அழுத்திக் காட்டி, இப்போது தெரிகிறதா என்று கேட்டிருக்க வேண்டும். அந்தப் பேராசிரியர் பதிவேட்டில் மட்டும் இருந்திருந்தால், அந்தக் கட்டிலில் படுத்திருந்தவர் உண்மையான நோயாளியாக இல்லாதிருந்தால், அந்தக் கை எதையும் கற்றிருக்காது. தேர்வில் தேறியிருக்கும்; பட்டம் வாங்கியிருக்கும்; அந்த நள்ளிரவில் செயலற்று நிற்கும்.

நன்னூலில் பவணந்தி முனிவர் ஆசிரியருக்கு இலக்கணம் வகுக்கிறார். நல்லாசிரியருக்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமை சொல்கிறார். ஆசிரியராகத் தகாதவர்களுக்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என நான்கு உவமைகளைத் தருகிறார். பருத்திக் குண்டிகையிலிருந்து பஞ்சை எடுப்பது பெரும்பாடு என்றாலும் உள்ளே பஞ்சாவது இருக்கிறது. முடத்தெங்கு அயலார் நிலத்தில் காயை விழவிட்டாலும் அது காய்க்கவாவது செய்கிறது. ஆளே இல்லாத ஆசிரியருக்கு ஐந்தாவதாக ஓர் உவமை தேட வேண்டிவரும் என்று பவணந்தியாருக்குத் தோன்றவில்லை. அப்படி ஒரு காலத்தை அவர் கற்பனைகூடச் செய்யவில்லை.

இந்தத் தீங்கு எல்லார் மேலும் ஒரே அளவாக விழுவதில்லை. அங்கேதான் இது சமநீதிப் பிரச்சினையாகிறது. வசதியுள்ளவர் ஒரு மருத்துவரின் சொல்லில் நம்பிக்கை இல்லையென்றால் இன்னொருவரிடம் போவார். எங்கே படித்தவர், எத்தனை அறுவை சிகிச்சை செய்தவர் என்று விசாரிப்பார். தேவையானால் சென்னைக்கோ வேலூருக்கோ வண்டி ஏறுவார். ஜவ்வாது மலையிலோ கல்வராயன் மலையிலோ இருப்பவருக்கு வாய்ப்பது ஒரே ஒரு மருத்துவர். அவர் கற்றவராக இருந்தால் பிழைப்பு, இல்லையென்றால் விதி. மருத்துவக் கல்வியின் தரத்தில் விழும் ஒவ்வோர் ஓட்டையின் வழியாகவும் முதலில் விழுபவர் ஏழையே. ஏழைகளுக்கு மருத்துவர் வேண்டும் என்ற பெயரால் தரத்தைத் தளர்த்துகிறவர், அதே ஏழையின் தலையில்தான் அந்தச் சுமையை இறக்குகிறார்.

ஆளைத் தேர்ந்து பணியில் அமர்த்துவது பற்றி நம் முன்னோர் சொல்லாமல் விட்டது எதுவுமில்லை. தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார் வள்ளுவர். முன்னது ஆளைத் தேர்ந்தெடுப்பது; பின்னது தேர்ந்தெடுத்த ஆளிடம் வேலையை ஒப்படைப்பது. அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கு வகையாலும் ஆராய்ந்த பிறகே ஒருவரைத் தெளிய வேண்டும் என்கிறார். ஆராயாமல் நம்புவதும், நம்பியபின் ஐயப்படுவதும் தீராத துன்பம் தரும் என்று எச்சரிக்கிறார். இன்று இரண்டையும் சேர்த்தே செய்கிறோம். கல்லூரி நடத்த வந்தவர்களை ஆராயாமல் நம்பினோம். இப்போது விரல் ரேகை போதாதென்று 2025இல் முக அடையாள வருகைப் பதிவைக் கொண்டுவந்து, நாள் முழுதும் வார்டில் நிற்கும் நேர்மையான பேராசிரியரையும் சேர்த்துச் சந்தேகிக்கிறோம். வினை செய்பவன் நெறி கோணாதிருக்கிறானா என்று அரசன் நாள்தோறும் பார்க்க வேண்டும் என்பது வள்ளுவர் சொன்ன வழி. முன்கூட்டியே விலைக்குக் கிடைக்கும் ஒரு நாளில் மட்டும் பார்ப்பது நாம் கண்ட வழி.

பாலாற்றங்கரையில் திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அங்கிருந்த ஆதுலசாலை என்னும் மருத்துவமனைக்குக் கட்டில் 15 என்று அது சொல்கிறது. நோய் பார்க்க ஒருவர், அறுவை செய்ய ஒருவர், மருந்துக்கு மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள், தண்ணீர் எடுப்பவர், நாவிதர் என்று ஒவ்வொருவரையும், அவரவர்க்கு உரிய நெல்லும் காசும் எவ்வளவு என்பதையும், இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளையும் பட்டியலிடுகிறது. எழுதியது கல்லில், வைத்தது ஊரார் கண்படும் இடத்தில். பணியிடம் எத்தனை என்பதை எவரும் படித்து, நிரம்பியது எத்தனை என்று கேள்வி கேட்கலாம். இன்றைக்கு ஒரு மருத்துவக் கல்லூரியில் உண்மையிலேயே எத்தனை பேராசிரியர்கள் இருக்கிறார்கள் என்பதைச் சாதாரணக் குடிமகன் தெரிந்துகொள்வது அவ்வளவு எளிதா?

மறுபக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. ராமநாதபுரம், நீலகிரி, அரியலூர், கள்ளக்குறிச்சி போன்ற மாவட்டங்களுக்கு அதனால் கிடைத்த நன்மையை மறுக்க முடியாது. விதிகள் முழுமையாக நிறைவேறும்வரை காத்திருந்தால் இன்னும் ஒரு தலைமுறை மருத்துவரின்றியே போய்விடும் என்று சொல்பவர்களின் கவலையும் பொய்யல்ல. 2025 ஜூலையிலேயே ஆணையம் ஆசிரியர் தகுதி விதிகளைத் தளர்த்தி, அரசு மருத்துவமனைகளில் நெடுநாள் பணியாற்றிய நிபுணர்களும் ஆசிரியராகலாம் என்றது. வெளிப்படையாக விதியை மாற்றுவது வேறு, விதியை வைத்துக்கொண்டே பொய் சொல்வது வேறு. முன்னதைப் பற்றி வாதிடலாம். பின்னதைப் பற்றி வாதிட ஏதுமில்லை.

இந்த அளவுகோல் தனியாருக்கு மட்டும் உரியதன்று. ஆய்வு வரும் வாரத்தில் பழைய கல்லூரியிலிருந்து புதிய கல்லூரிக்குப் பேராசிரியர்களை இடம் மாற்றிக் கணக்குக் காட்டும் வழக்கம் அரசுத் துறையிலும் இருப்பதை மருத்துவ வட்டாரத்தில் அறியாதவர் இல்லை. பணம் கைமாறவில்லை, நோக்கம் நல்லது என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் ஆய்வு முடிந்து பேராசிரியர் ஊர் திரும்பியதும் மாணவர் முன்னால் இருப்பது காலி நாற்காலிதான். நல்ல நோக்கத்தோடு சொன்ன பொய்யும் நோயாளிக்குப் பொய்யாகத்தான் வந்து சேர்கிறது. தீமை இல்லாத சொல்லே வாய்மை என்று வள்ளுவர் இலக்கணம் வகுத்ததைச் சிலர் இதற்குத் துணைக்கு அழைக்கலாம். இந்தப் பொய்யில் தீமை இருக்கிறது. அது தாமதமாக, தொலைவில், வேறொருவரின் உடம்பில் வெளிப்படுகிறது என்பதுதான் வித்தியாசம்.

செய்ய வேண்டியது என்ன? மருத்துவர் எப்படி உருவாக வேண்டும் என்பது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. மக்களின் வாழ்நிலையை அறிந்த சமூக மருத்துவராக அவர் உருவாக வேண்டும் என்று 1946லேயே நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழு சொல்லிவிட்டது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் திருச்சபைகளின் ஆதரவோடு சேரும் மாணவர்கள், படிப்பு முடிந்ததும் தேவையுள்ள மருத்துவமனைகளில் 2 ஆண்டுகள் பணியாற்றுவது பல்லாண்டு மரபு. அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு மேற்படிப்பில் தனி இடம் ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. கிராமத்தில் உழைத்தவருக்கு மேலே போக வழி உண்டு என்பதே அதன் பயன். ஒவ்வொரு எம்பிபிஎஸ் மாணவரும் சில குடும்பங்களைத் தத்தெடுத்து, படிப்புக்காலத்தில் அவர்களின் உடல்நலத்தைப் பின்தொடர வேண்டும் என்ற திட்டம் இப்போதைய பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. இத்தனையும் இருந்தும் அவற்றைச் சொல்லித்தர ஆசிரியர் இல்லையென்றால், குடும்பத் தத்தெடுப்பும் கையெழுத்துப் போட்டு மூடும் இன்னொரு பதிவேடாகவே முடியும்.

ஆகவே மாணவருக்கு நோய்க்குறியியலைச் சொல்லித்தரும் அதே கண்டிப்போடு, மருத்துவர் யாருக்குக் கிடைக்கிறார், யாருக்குக் கிடைக்கவில்லை, ஏன் என்பதையும் சொல்லித்தர வேண்டும். நாளைக்கு அவரே தலைமை மருத்துவராவார், கல்லூரி முதல்வராவார், இணை இயக்குநராவார். பணியிடங்களை நிரப்புவதும், செவிலியர் நேர அட்டவணையை நியாயமாகப் போடுவதும், காலியிடத்தைக் காலியிடம் என்றே எழுதுவதும் அவர் கையில் வரும். நோயாளி, மருத்துவர், மருந்து, துணை நிற்பவர் என்று மருத்துவத்தை நான்காகப் பகுத்த வள்ளுவர், நான்கில் ஒரு பங்கை உடனிருந்து கவனிப்பவருக்குக் கொடுத்திருக்கிறார். அந்த நான்கையும் ஒன்றாக நடத்தத் தெரியாதவரிடம் மருத்துவமனையை ஒப்படைக்கலாகாது.

ஆட்சியாளர்களே, இடங்களின் எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமைப்படுவதற்கு முன் ஆசிரியர்களின் பெயர்களைக் கல்லூரி வாசலில் எழுதி வையுங்கள். பேராசிரியர்களே, ஒரு நாள் வாடகைக்கு உங்கள் பெயரைக் கொடுக்காதீர்கள். பெற்றோர்களே, கட்டணம் எவ்வளவு என்று கேட்கும்போதே, வார்டில் தினமும் எத்தனை ஆசிரியர்கள் நிற்கிறார்கள் என்றும் கேளுங்கள். மாணவர்களே, உங்களுக்குக் கற்பிக்க வராதவரின் வருகைப் பதிவுக்குச் சாட்சியாக இராதீர்கள். நீங்கள் இன்று காக்கும் மௌனத்துக்கான விலையை, என்றாவது ஓர் இரவில் உங்களை நம்பி வரும் ஒரு தாய் கொடுக்க வேண்டியிருக்கும். அந்தக் கணக்கைத் தீர்க்க எந்த ஆய்வுக்குழுவாலும் முடியாது.