பெயர் பொறித்த கை



நகைக்கடைக்குப் போனால் நம் அம்மாக்கள் முதலில் தேடுவது 916 முத்திரையைத்தான். அப்படி ஒரு முத்திரையே இல்லாத ஊரில் எதை நம்பி வாங்குவது?

18-ஆம் நூற்றாண்டில், பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அதுதான் நிலைமை. வெள்ளியைச் சோதித்து முத்திரையிட அங்கே அலுவலகம் கிடையாது. செய்தவரே தம் பெயரைப் பாத்திரத்தில் பொறிப்பார். அந்தப் பெயர்தான் உத்தரவாதம்.

அப்படிப் பெயர் பொறித்தவர்களில் ஒருவர் பால் ரெவியர். அவருடைய அப்பாவும் வெள்ளித் தட்டார். 1754-இல் அப்பா இறந்தபோது இவருக்கு வயது 19. பட்டறையை ஏற்று நடத்தினார். செப்புத் தகட்டில் படம் செதுக்கவும் செய்தார். பிரிட்டன் வரிமேல் வரி போட்டபோது, விடுதலை வேண்டியவர்களோடு சேர்ந்தார். மன்னரின் ஆணைக்குப் பணியாத 92 சட்டமன்ற உறுப்பினர்களைப் போற்றி 1768-இல் அவர் செய்த வெள்ளிக் கிண்ணம் இன்றும் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நான் பேச வந்தது அந்தக் கிண்ணத்தைப் பற்றி அல்ல, 1770-இல் அவர் செதுக்கிய ஒரு படத்தைப் பற்றி.

அந்த ஆண்டு மார்ச் 5 இரவு, கோபத்தில் இருந்த கூட்டம் ஒன்று சில பிரிட்டிஷ் சிப்பாய்களைச் சூழ்ந்தது. பனிக்கட்டிகளும் கட்டைகளும் பறந்தன. குழப்பத்தில் சிப்பாய்கள் சுட்டார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். சில வாரங்களில் ரெவியரின் படம் விற்பனைக்கு வந்தது. அதில் சிப்பாய்கள் வரிசையாக நின்று சுடுகிறார்கள். தளபதி வாளை உயர்த்தி ஆணையிடுகிறார். மக்கள் வெறுங்கையோடு நிற்கிறார்கள். பின்னால் உள்ள கட்டடத்தில் ‘கசாப்புக்காரர் கூடம்’ என்று பலகை! மூலப்படம் வரைந்த ஹென்றி பெல்ஹம், தன்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டதாக ரெவியருக்குக் கோபமாகக் கடிதம் எழுதினார். ஆனாலும் படத்தின் அடியில் இருந்தது ரெவியரின் பெயர்தான்.

இளைஞர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு தம்பி கேட்டான்: “அண்ணா, நியாயம் நம்ம பக்கம் இருக்கு. பலமும் பதவியும் அவங்ககிட்ட இருக்கு. கொஞ்சம் கூட்டிச் சொன்னாத்தானே ஜனங்க எழுந்து வருவாங்க? அதுல என்ன தப்பு?”

லேசான கேள்வி இல்லை. குருட்சேத்திரத்தில் தருமரும் இதே இடத்தில்தான் நின்றார். செத்தது யானை என்று தெரிந்தும் துரோணர் காதில் “அசுவத்தாமன் இறந்தான்” என்பது விழும்படி சொன்னார். அவர் பக்கம் தர்மம் இருந்தது. ஆனாலும் தரையில் படாமல் நான்கு விரல் உயரத்தில் ஓடிய அவர் தேர் கீழே இறங்கிவிட்டது என்கிறது பாரதம். போர் ஜெயித்தது, தேர் இறங்கியது. இரண்டையும் மறைக்காமல் சொல்வதுதான் நம் இதிகாசத்தின் நேர்மை.

பாஸ்டனிலும் அந்தச் சிப்பாய்களுக்குத் தூக்கு விழுந்திருக்கலாம். அவர்களுக்காக வாதாட முன்வந்தவர் ஜான் ஆடம்ஸ். அவரும் தேசபக்தர்தான், பிற்காலத்தில் அமெரிக்காவின் இரண்டாவது அதிபர். தளபதி விடுதலையானார். எட்டுச் சிப்பாய்களில் ஆறு பேர் விடுதலை, இரண்டு பேருக்குக் குறைந்த தண்டனை. ஆடம்ஸ் உண்மையைப் பேசியதால் விடுதலைப் போராட்டம் நின்றுவிடவில்லையே! ஐந்து உயிர் போனது உண்மை. ஊருக்குள் ராணுவத்தைக் கொண்டுவந்து நிறுத்தியதும் உண்மை. அதுவே போதுமான நியாயம். ரெவியர் அதில் செம்பு கலந்திருக்க வேண்டியதில்லை.

இதில் ஒரு விசித்திரம். 1775 ஏப்ரல் 18 இரவு, ராணுவம் வருகிறது என்று எச்சரிக்கக் குதிரையேறிப் போனவரும் இதே ரெவியர்தான். காங்கார்டு ஊரை அடையுமுன் பிடிபட்டார். செய்தியை அங்கே சேர்த்தவர் வேறொருவர். பிற்காலத்தில் லாங்ஃபெலோவின் கவிதை ரெவியரே போய்ச் சேர்ந்ததாகப் பாடியது. ஆனால் ரெவியர் தம் கைப்பட எழுதிய குறிப்பில், வழியில் மாட்டிக்கொண்டதை மறைக்கவே இல்லை. தன்னைப் பற்றிக் கூட்டிச் சொல்லாத மனிதர், எதிரியைப் பற்றிக் கூட்டிச் சொன்னார்.

அங்கேதான் நாமும் சறுக்குகிறோம். சொந்த லாபத்துக்குப் பொய் சொல்ல நமக்குக் கூச்சமாக இருக்கும். “சமுதாயத்துக்காக”, “கோவிலுக்காக” என்றதும் அந்தக் கூச்சம் போய்விடுகிறது. எங்கோ எப்போதோ எடுத்த படத்தை “நேத்து நடந்தது பாருங்க”ன்னு வாட்சாப்பில் தட்டிவிடுகிறோம். அது பொய் என்று தெரிந்த மறுநிமிடம், நம்முடைய உண்மையான குறையையும் யாரும் காதில் வாங்கமாட்டார்கள்.

நம்மிடம் பட்டறை இல்லை, போன் இருக்கிறது. அனுப்பும் ஒவ்வொரு செய்தியிலும் நம் பெயர் பொறிக்கப்பட்டுத்தான் போகிறது. அடுத்த தடவை கோபத்தோடு ஒன்றை அனுப்பப் போகும்போது ஒரு நிமிடம் நிறுத்துங்கள். வெள்ளியாக இருந்தால் இதில் என் பெயரைப் பொறிப்பேனா என்று கேளுங்கள். பொறிப்பேன் என்றால் தைரியமாக அனுப்புங்கள்.