நான்கு போல்ட்டுகள்

வண்டியின் பின்பக்கம் தரையில் எண்ணெய்ச் சொட்டு. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே. விரலில் எடுத்து முகர்ந்தேன். கியர் ஆயிலாக இருந்தால் கந்தக நெடி மூக்கில் ஏறும். இதில் அது இல்லை, எஞ்சின் ஆயில்தான். ஃபிளைவீலுக்குப் பின்னால் இருக்கும் ஆயில் சீல் போய்விட்டது. கையகல ரப்பர் வளையம், விலையும் அற்பம். அதைத் தொடுவதற்கு எஞ்சினையே இறக்கியாக வேண்டும்.

*

வண்டி 1969ஆம் வருடத்து ஃபோக்ஸ்வாகன் வேன். ஹனோவர் ஆலையில் செய்தது. நான் குடியிருப்பதும் அந்த நகரத்தின் ஓரத்தில்தான்.

இந்த வேனின் முதல் வடிவம் ஒரு குறிப்பேட்டில் பிறந்தது. டச்சு வாகன வணிகர் பென் பான் 1947 ஏப்ரலில் வரைந்த எளிய கோட்டுப்படம்: ஒரு பெட்டி, முன்னால் ஓட்டுநர், பின்னால் எஞ்சின். 1950இல் உற்பத்தி தொடங்கியது. பின்னால் எஞ்சின் என்ற அந்த ஒரு முடிவால்தான் இன்று நான் வீட்டுக் கொட்டகையில் இந்த வேலையைச் செய்ய முடிகிறது. ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர்க் குழாய் கிடையாது. காற்றால் குளிரும் நான்கு சிலிண்டர், எடை சுமார் 100 கிலோ. கியர்பாக்ஸோடு அதைப் பிணைத்திருப்பவை நான்கே போல்ட்டுகள். பின்முனையைத் தாங்க ஒரு குறுக்குச் சட்டம். அவ்வளவுதான். சாதாரண மனிதன் கழற்றுவான் என்று நம்பி ஒருவர் வரைந்த பொருள் இது. அந்த நம்பிக்கையைப் பெரிய மரியாதை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

*

முதலில் பேட்டரியின் எர்த் வயர். பிறகுதான் மற்றதெல்லாம். ஏர் கிளீனர், டைனமோ வயர்கள், காயில், ஆயில் பிரஷர் சுவிட்ச், ஆக்ஸிலரேட்டர் கேபிள், ஹீட்டர் குழாய்கள். ஒவ்வொரு வயரிலும் துண்டுக் காகிதம் ஒட்டி எங்கிருந்து வந்தது என்று எழுதுகிறேன். பெட்ரோல் குழாயைக் கழற்றியதும் அதன் வாயை அடைக்க வேண்டும்.

*

மேலே உள்ள இரண்டு நட்டுகள் கண்ணுக்குத் தெரியாது. ஃபேனை மூடிய தகரக் கூட்டுக்குப் பின்னால் இருக்கின்றன. கையை முழங்கை வரை நுழைத்து வளைக்க வேண்டும். விரல் நுனிக்கு முதலில் பிசுபிசுத்த தூசி தட்டுப்படும். பிறகு வார்ப்பு உலோகத்தின் விளிம்பு. அதற்கும் அப்பால் ஆறு முனை. கண்ணை மூடிக்கொண்டால்தான் விரல் நன்றாகத் தேடுகிறது. 17ஆம் நம்பர் ஸ்பானரை விரலோடு விரலாக ஓட்டிக் கொண்டுபோய்ப் பொருத்துகிறேன். வலப்பக்க போல்ட் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் சேர்த்துப் பிடிக்கிறது. அதன் தலையை அடியிலிருந்து யாராவது பிடித்தாக வேண்டும். மகள் படுத்தபடி உள்ளே நகர்ந்தாள்.

“பிடிச்சிட்டேன்ப்பா, திருப்புங்க.”

அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. என் பக்கம் நட்டு இளகியபோது, “ஆடுது, ஆடுது” என்று அடியிலிருந்து குரல் வந்தது.

*

இழுப்பதுதான் இந்த வேலையின் உயிர். கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு கிளட்ச் பிளேட்டுக்குள் நுழைந்திருக்கிறது. கத்தியை உறையிலிருந்து உருவுவதுபோல எஞ்சின் நேராகப் பின்னால் வர வேண்டும். நூறு கிலோவும் அந்தத் தண்டின்மேல் ஒரு கணம் தொங்கினால் பிளேட் கோணிப்போகும். அதனால் ஜாக்கியை அடியில் கொடுத்து, கியர்பாக்ஸுக்கும் மரக்கட்டை முட்டுக் கொடுத்து, பிறகுதான் குறுக்குச் சட்டத்தை விடுவிக்கலாம். கவனம் முழுவதும் இரண்டுக்கும் நடுவே திறக்கும் அந்த இடுக்கில். மேலேயும் கீழேயும் ஒரே அகலமாக இருக்கிறதா? மேலே அகன்றால் எஞ்சினின் வால் தாழ்கிறது என்று பொருள். சற்றே தூக்கு. மறுபடி இழு. அவசரத்துக்கு இங்கே இடமே இல்லை. வேறெந்த வேலையிலும் என் மனம் இவ்வளவு நேரம் ஒரே கோட்டில் நின்றதில்லை. தண்டின் நுனி வெளிப்பட்டதும் சொல்லிவைத்ததுபோல இருவரும் மூச்சு விட்டோம். அப்புறம் ஜாக்கியை இறக்கி, பின் தகட்டைக் கழற்றிவைத்த வழியாக எஞ்சினை வெளியே கொண்டுவந்தோம்.

*

அமெரிக்காவில் பொறியாளராக இருந்த ஜான் மியூர், ஃபோக்ஸ்வாகனை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்று 1969இல் ஒரு புத்தகம் போட்டார். என் வண்டியின் வயதே அதற்கும். இயந்திரம் பழகாதவர்களுக்கென்று எழுதியது, பீட்டர் அஷ்வாண்டன் வரைந்த படங்களோடு. வண்டி பேசும், காது கொடு என்பதே அதன் அடிநாதம். அதில் எனக்கு முழு உடன்பாடு.

*

ஃபிளைவீலைப் பிடித்திருக்கும் நடு நட்டு 36 மில்லிமீட்டர். முறுக்கு விசை சுமார் 294 நியூட்டன் மீட்டர். நீளமான இரும்புக் குழாயை மாட்டி உடம்பெடையைக் கொடுத்தால்தான் அசைகிறது. பழைய சீல் கல்லாகக் காய்ந்திருந்தது. அதன் உதட்டில் நகம் பட்டதும் உதிர்ந்தது. புதியதைச் சம அளவில் உட்கார வைத்த பிறகு கிராங்கின் முன்பின் ஆட்டத்தை அளக்க வேண்டும். 0.07 முதல் 0.13 மில்லிமீட்டருக்குள் இருந்தால் சரி. மூன்று மெல்லிய வளையங்கள் சேர்ந்துதான் அந்த அளவைத் தருகின்றன. வீட்டுக் கொட்டகையிலும் அளவு அளவுதான்.

*

எஞ்சின் இல்லாத அந்தப் பொந்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். டேங்கிலிருந்து வரும் பெட்ரோல் குழாய், எஞ்சின் மாட்டியிருக்கும்போது கைக்கு எட்டாத இடம். மேலே துணி பின்னிய பழைய ரப்பர். வளைத்ததும் உள்ளே குறுக்கும் நெடுக்கும் வெடிப்பு. சீல் ஒழுகினால் தரைதான் அழுக்காகும். இது ஒழுகினால் பெட்ரோல் சொட்டுவது சுடும் எஞ்சின்மேல். இந்த எஞ்சினின் கூடு மக்னீசியம் கலந்த உலோகம். ஒருமுறை பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றினாலும் அடங்காது, இன்னும் மூர்க்கமாக எரியும். எத்தனால் கலந்த இக்காலப் பெட்ரோல் பழைய ரப்பரைச் சீக்கிரமே கெடுத்துவிடுகிறது.

பழைய ஃபோக்ஸ்வாகன் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்தக் காரணத்துக்காக எஞ்சினை இறக்கினாலும் சரி, பெட்ரோல் குழாய்கள் அத்தனையையும், கிளிப்புகளோடு சேர்த்து, புதிதாக மாற்றிவிட்டு ஏற்றுங்கள். எத்தனால் தாங்கும் ரகமா என்று கேட்டு வாங்குங்கள். பின் சீட்டில் பிள்ளைகள் உட்காருகிறார்கள்.