மரங்களுக்கும் அவனே பிரபு!

பாண்டித்யம் என்றால் ஆழ்ந்த புலமை. அதன் முன்னால் ‘வறட்டு’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துப் பாருங்கள்... பாராட்டே பழிச்சொல்லாகி விடுகிறது! கற்ற கல்வி நம் நெஞ்சை நனைக்காமல், அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிக்க மட்டுமே உதவினால் அது வறட்டுப் பாண்டித்யம். ‘வந்துட்டா பெரிய மேதாவி!’ என்று வீட்டில் சொல்கிறோமே, அதுவும் இதைத்தான்.

தமிழ் படித்தவள் என்ற மிதப்பில் நானும் ஒருமுறை அப்படி நடந்துகொண்டேன். போடிநாயக்கனூரில் ஒரு வீட்டில் விஷ்ணு சஹஸ்ரநாம பாராயணம். பக்கத்தில் ஒரு பாட்டி. ஏலத் தோட்டத்துக்கு ஜீப்பில் வேலைக்குப் போய் வருகிறவர். கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்தவர்.

“சாமிக்கு மரப்பிரபுன்னு ஒரு பேரு வருதே, எம்புட்டு நல்ல பேரு தாயி!” என்றார்.

“அது மரப்பிரபு இல்லை பாட்டி, அமரப்ரபு. தேவர்களுக்குத் தலைவன்னு அர்த்தம்” என்று எல்லோர் முன்னிலையிலும் திருத்தினேன். பாட்டியின் முகம் வாடிவிட்டது. அப்புறம் அவர் வாயே திறக்கவில்லை.

மறுநாள் போடிமெட்டு மலைப்பாதையில் ஏறினோம். மேலே கேரள எல்லை. அதைத் தாண்டினால் ஏலத் தோட்டங்கள். ஏலச் செடி கடும் வெயில் தாங்காது. உயர்ந்த மரங்கள் குடை பிடித்தால்தான் அது பிழைக்கும். அந்த நிழலில் நின்றபோதுதான், மலையாள தேசத்துக் கதை ஒன்று சுரீரென்று நினைவுக்கு வந்தது.

16-ம் நூற்றாண்டில் நாராயணீயம் பாடிய மேல்பத்தூர் நாராயண பட்டத்திரி, வடமொழி இலக்கணத்தில் கரை கண்டவர். அதே காலத்தவர் பூந்தானம், எளிய மலையாளத்தில் ஞானப்பானை பாடிய பக்தர். சஹஸ்ரநாமத்தில் அந்த நாமம், முன்னால் உள்ள ‘பத்மநாபோ’வுடன் சேரும்போது ‘அ’ மறைந்துவிடும். காதில் ‘மரப்ரபு’ என்றே விழும். பூந்தானம் அப்படியே சொல்ல, பட்டத்திரி கேலி செய்தாராம். உடனே குருவாயூர் சந்நிதியிலிருந்து, ‘மரங்களுக்கும் நானே பிரபு’ என்று குரல் எழுந்ததாம்!

பட்டத்திரியின் விபக்தியைவிட, பூந்தானத்தின் பக்தியே தனக்குப் பிரியம் என்று குருவாயூரப்பன் உணர்த்தியதாகவும் சொல்வார்கள். விபக்தி என்றால் வேற்றுமை இலக்கணம்.

அதற்காக உச்சரிப்பு சுத்தம் வேண்டாம் என்பதல்ல. நாராயணீயத்தையும் அந்த குருவாயூரப்பன்தானே ஏற்றுக்கொண்டான்! நாம் கற்றது ஏலத்துக்கு மேல் நிற்கும் மரம்போல நிழல் தர வேண்டும். வெயிலாகச் சுடக் கூடாது. திருத்தத்தான் வேண்டுமா? தனியே அழைத்து, இதமாகச் சொல்லுங்கள்.

மலை இறங்கியதும் பாட்டியைத் தேடிப் போய்க் கதையைச் சொன்னேன்.

“அப்ப நான் சொன்னதும் சரிதானா தாயி?” என்று கேட்டார்.

“சரிதான் பாட்டி. நான் சொன்ன விதம்தான் தப்பு” என்றேன்.