அழுத்தமும் ஓசையும்

பதுளைப் பகுதித் தோட்டமொன்றின் லயத்திலே, இளைஞனொருவன் பழம் பலகையைக் கொண்டு தன் கையாலேயே கிற்றார் செய்கிறான் எனக் கொள்வோம். அதன் ஓசை கூட்டத்துக்கு எட்ட வேண்டுமே! தந்திகளைத் தாங்கும் குதிரையின் அடியில் பீசோ வில்லையொன்றை ஒட்டி, அதன் இரு கம்பிகளையும் ஒலிபெருக்கியுடன் இணைக்கிறான். தந்தி அதிர, வில்லை அழுந்துகிறது; அழுத்தம் மின்னாகிறது. 1880-இல் கியூரி சகோதரர் கண்டறிந்த உண்மை இது.

ஆயின், மாறுகின்ற அழுத்தமே ஓசை தரும். மாறாத பாரமொன்றை வில்லையின்மீது ஏற்றிவைத்தால், முதலில் எழுந்த மின் விரைவிலே கசிந்தொழியும், பின்னர் மௌனமே. பாரமோ அப்படியே இருக்கும்.

“தோட்டத்து மக்கள் பொறுமைசாலிகள்; முறையிடுவதில்லை” என்போர் இத்தகைய மௌனத்தையன்றோ சான்று காட்டுகின்றனர்? 1948-ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. எஞ்சிய நாடற்றோர்க்காக 2003-இலும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. இடைப்பட்ட ஐம்பத்தைந்து ஆண்டுகளில் ஓசையின்றிக் கழிந்த நாட்களெல்லாம் சம்மதம் தந்த நாட்களாகுமோ?

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பர். நாம் அதனை ஏற்பதற்கில்லை. வகுப்பறையின் கடைசி வாங்கில் வாய்திறவாதிருக்கும் மாணவனிடத்தும் நாம் முதலில் தேட வேண்டியது, அவன்மீதுள்ள பாரத்தையே.